கிரேஸ் வந்திருந்த மே மாதம்

14-5-88, சனி

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது. குழாயில் நாலே குடம். காலேஜ் ஆபீஸில் பாதி நாள் வேலை, அட்மிஷன் பாரம் அடுக்கியதோடு சரி.

இந்த நோட்டு எதற்கு? இரண்டு வருடம் நாலு மாதமாக ஞாயிறுதோறும் மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதிய கை. எது நடந்தாலும் இதை கிரேஸுக்கு எழுதணும் என்று நினைத்தே பழகிவிட்டது. இப்போது கிரேஸ் (இனி கி.) லீவில் வந்து, அடுத்த அறையில் இருக்கிறாள். எழுத ஆளில்லை.

வந்து ஆறு நாள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியே பார்த்த உடம்பு, பகலில்தான் தூக்கம் வருகிறதாம். நாலு மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போனாள். உப்பு டப்பா எங்கே என்று என் அக்காவிடம் கேட்டாள். அவள் வீட்டில், அவள் வாங்கி வைத்த டப்பா. ரூபி அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டுச் சட்டென்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பெரியவள் ஷீபாவுக்குப் பதினொன்று. அவளுக்கு அம்மாவை நினைவிருக்கிறது, பின்னாலேயே சுற்றுகிறாள். சின்னவள் பியூலாதான். நாலரை வயது. கி. போகும்போது இரண்டு. அன்றிலிருந்து அத்தை மடி, அத்தை பாய், அத்தை கை சோறு. இன்று எதிர் வீட்டுக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "இவங்க மஸ்கட் அம்மா. திரும்பிப் போயிடுவாங்க."

கி.யும் கேட்டாள். கொடித் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தவள், மடித்ததையே மறுபடி மடித்தாள்.

15-5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கி.யைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கம் என்ன விலை, குளிருமா, தமிழ் ஆட்கள் உண்டா. எனக்கு அவள் பக்கத்தில் நிற்க இடமில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். கழுத்தருகே முடி நரைத்திருக்கிறது. கடிதத்தில் சொல்லவில்லை. இதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

18ஆம் தேதி கல்யாண நாள். பதின்மூன்று வருடம். ஆபீஸ் சகா மகாபலிபுரம் போகும் வழியில், கோவளத்தில் இருக்கும் தன் மைத்துனரின் வீட்டை மூன்று நாள் தருகிறார். கடலுக்கு இருநூறு அடி. கி.யிடம் சொன்னேன். "நிஜமாவா?" என்று ஒரு சிரிப்பு. வந்ததிலிருந்து முதல் சிரிப்பு அது.

16-5, திங்கள்

எடுத்துப் போக: ஸ்டவ், மண்ணெண்ணெய் ஒரு பாட்டில், அரிசி, ஊறுகாய், பாய் 2, டார்ச், கொசுவர்த்தி, பியூலாவின் பழைய சேலைத் துண்டு (அத்தையுடையது, அது இல்லாமல் தூங்கமாட்டாள்).

அக்கா வரவில்லை என்கிறாள். சபையில் பெண்கள் கூட்டம் என்று காரணம் சொன்னாள். கூட்டம் அடுத்த வாரம் என்பது எனக்குத் தெரியும். கிணற்றடியில் தனியாகக் கேட்டேன்.

"நான் வந்தா அது என்னையேதான் கட்டிக்கினு கிடக்கும், தம்பி. மூணு நாளாவது பெத்தவகிட்ட இருக்கட்டும்."

"நீ இல்லாம அழும் அக்கா."

"அழட்டும்."

வாளியை இறக்கினாள். கயிறு வழுக்கிக் கையை அறுத்தது. ஒன்றுமில்லை என்றாள். கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா. இந்த இரண்டு வருடத்தில் அவளும் ஏதோ ஒன்றைப் பெற்றுவிட்டாள், அதை நாங்கள் மூன்று நாளைக்குத் திருப்பிக் கேட்கிறோம்.

17-5, செவ்வாய். கோவளம்

தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட அக்கா வந்தாள். பஸ் நகர்ந்ததும்தான் பியூலாவுக்கு விஷயம் புரிந்தது. வண்டலூர் வரை அழுகை, கேளம்பாக்கத்தில் வாந்தி. கி. துடைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் சட்டைக்குள் புதைந்தாள். சட்டை நாசம். கி. ஜன்னலோரச் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு நல்ல வீடு. இரண்டு அறை, பின்கதவைத் திறந்தால் மணல், தென்னை, கடல். கடலின் நிறத்தை எழுத வரவில்லை. கி. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடந்தாள், முழங்கால் வரை நின்றாள். அங்கேயும் கடல் இருக்கிறதாம். விடுதி ஜன்னலில் தெரியுமாம். ஆனால் விடுதி, வண்டி, வார்டு, மறுபடி வண்டி, விடுதி. ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை.

இன்னொன்று சொன்னாள். பியூலா பேசியதை நான் காஸெட்டில் பதிந்து அனுப்பினேனே, அது நாடா தேய்கிற வரை கேட்டாளாம். "ஏரோப்ளேனு"க்கு "ஏப்பளான்" என்று மழலையில் சொல்லும். "அந்தக் குரலை எதிர்பார்த்து வந்தேங்க. இவ தெளிவா பேசறா. அந்தக் குழந்தை எங்க போச்சுன்னே தெரியல."

அந்தக் குழந்தை போனதை தினமும் பார்த்த எனக்கும் தெரியவில்லையே.

சாப்பாடு: சாதம், ரசம், சுட்ட அப்பளம். பியூலா என் பக்கத்தில் தூங்கினாள். கி. ஷீபாவுக்குத் தலை பின்னிவிட்டாள், பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

18-5, புதன். கல்யாண நாள்

எழுந்ததும் ஜெபம். சங்கீதம் வாசித்தது ஷீபா. நான் கி.க்குப் புடவை கொடுத்தேன், இளம் பச்சை. அவள் எனக்குக் கைக்கடிகாரம். இருவரும் "எதுக்கு இதெல்லாம்" என்றோம். கடிதத்தில் "என் அன்பே" என்று எழுதுகிற ஆள், நேரில் "காபி ஆறிடும்" என்கிறேன்.

ஏழு மணிக்கு நால்வரும் கரைக்கு. கட்டுமரங்கள் வந்திருந்தன. வலையிலிருந்து உதறிய மீன் மணலெல்லாம். பியூலா என் கையை விட்டுவிட்டு நண்டு பார்க்க ஓடினாள். ஓடினவள் ஒரே அலறலாக உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்காலில் கெளுத்தி முள், பாதி உடைந்து உள்ளே.

கி. மண்டியிட்டுக் காலைப் பிடித்து, ஒரே இழுப்பில் முள்ளை எடுத்தாள். ரத்தத்தைக் கொஞ்சம் ஓடவிட்டாள். "சுடுதண்ணி வேணும். கை பொறுக்கிற சூட்டில்."

மீன் விற்ற அம்மாள் ஒருத்தி கூடையை அப்படியே போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினாள். "கெளுத்தி முள்ளுமா, ஜாஸ்தி கடுக்கும். புள்ள துடிக்குது பாரு. தோ, கொண்ணாந்துட்டேன்." சட்டி நிறைய வெந்நீர்.

கி. முதலில் தன் கையை விட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் கலந்தாள், மறுபடி கை விட்டாள். பிறகுதான் குழந்தையின் கால். ஆறினால் மறுபடி வெந்நீர், மறுபடி முதலில் அவள் கை. ஒரு மணி நேரத்துக்கு மேல். குழந்தை உதைத்தாள், கி.யின் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வேணாம். அத்தை வேணும். நீ போ."

"சரிடா. வலி போனதும் போறேன்."

காலை மட்டும் விடவில்லை. நான் பக்கத்தில் விசிறிக்கொண்டு நின்றேன், வேறு எதற்கும் உபயோகமில்லாமல்.

வலி மெல்ல இறங்கியது. விம்மல் மட்டும். பியூலா வெகுநேரம் சட்டியையே பார்த்திருந்தாள். பிறகு கி.யின் கைகளை. மணிக்கட்டு வரை செக்கச்சிவந்து, விரல் வீங்கி.

"உனக்கு வலிக்கலையா?"

கி. இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினாள். குழந்தை குனிந்து அந்தக் கையில் ஊதினாள். எல்லாக் குழந்தைகளும் செய்கிற மாதிரி, எச்சில் தெறிக்க.

மீன்கார அம்மாள் கிளம்பும்போது இரண்டு சங்கரா மீனை ஓலையில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "கண்ணாலம் ஆன நாளுன்னு பெரிய பொண்ணு சொல்லிச்சு. வச்சுக்கோ சார்."

அதே நாள், பொழுது சாய்ந்து

குழந்தைகள் உள்ளே விளையாடினார்கள். நானும் கி.யும் பின்வாசல் படியில். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. சொன்னேன்.

"போகாதே கிரேஸ். இங்கயே ஏதாவது நர்ஸிங் ஹோம்ல பார்த்துக்கலாம்."

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலிலேயே அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். போட்டுவிட்டுத்தான் லீவே கிடைத்ததாம்.

எனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க லெட்டரை எல்லாம் எடுத்து வச்சுப் படிச்சேன். நூறுக்கு மேல. ஒண்ணுலயாவது 'வந்துடு'ன்னு இருக்குமான்னு பார்த்தேன். எல்லாத்துலயும் 'நாங்கள் நலம், கவலைப்படாதே'ன்னுதான் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. எழுதியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல, பத்துப் பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் கிழித்துவிட்டு நல்ல பேப்பரில் "நலம்" என்று எழுதினேன். அங்கே தனியாக இருக்கிறவள் மனம் தளரக்கூடாதே என்று. இதைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கிழிச்சதை அனுப்பியிருக்கலாம்ல?" என்றாள்.

பிறகு வீங்கின கையை என் கைமேல் வைத்தாள். மருந்து வாசனை. இந்த இரண்டு வருடம் முடியட்டும், அதற்கப்புறம் யாரும் கூப்பிட வேண்டாம், நானே வந்துவிடுவேன் என்றாள். பதின்மூன்று வருடத்தில் இவ்வளவு நேரம் கை பிடித்து உட்கார்ந்ததில்லை.

19-5, வியாழன்

கால் வீக்கம் வற்றிவிட்டது. பியூலா நொண்டி நொண்டி நடந்தாள், நொண்டத் தேவையில்லாத நேரத்திலும், கி. தூக்கிக்கொள்வாள் என்பதற்காக. தூக்கினாள். மத்தியானம் அத்தை எப்போது வருவாங்க என்று இரண்டு தடவை கேட்டாள். தூங்கும்போது கி.யின் பக்கம் போய்ப் படுத்தாள். அத்தையின் சேலைத் துண்டும் கையில்தான்.

ஷீபா கிளிஞ்சல் ஒரு டப்பா. என் கழுத்து வெயிலில் வெந்துவிட்டது.

20-5, வெள்ளி. தாம்பரம்

பஸ்ஸில் கூட்டம். வீட்டு வாசலில் அக்கா. பியூலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே திரும்பி, "அம்மா, வா" என்றாள். அம்மாவுக்கு முன்னால் 'மஸ்கட்' இல்லை. அக்காவுக்கும் கேட்டிருக்கும். "வா கிரேஸ், காபி போடறேன்" என்று உள்ளே போனாள். காபி வர அரை மணி நேரமானது.

29-5, ஞாயிறு

ஒன்பது நாளாக எழுதவில்லை. எழுத நேரமில்லை என்பதே சந்தோஷம். கி.யும் பியூலாவும் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கக் கொடுத்தார்கள், பல் டாக்டர், பல்லாவரம் சந்தை. எங்கு போனாலும் இருவரும் சேர்ந்தே. ராத்திரி அக்காவின் பாயில் பக்கத்து இடம் காலி. கேட்டால், "காத்தாட நல்லா தூங்கறேன்" என்கிறாள்.

கி.யின் பெட்டியை இன்று பரணிலிருந்து இறக்கினேன்.

4-6, சனி

மேகமூட்டம், மழையில்லை. காலை மீனம்பாக்கம். முதலில் பம்பாய், அங்கிருந்து மஸ்கட்.

ஷீபா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பியூலாவைக் கி.யின் கழுத்திலிருந்து பிரிக்க எனக்கும் அக்காவுக்கும் சேர்ந்துதான் முடிந்தது. கி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பினாள். அப்புறம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் போயிருக்கமாட்டாள்.

போன தடவை இந்தக் குழந்தை அழவேயில்லை. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் ஒட்டவேண்டும் ஒட்டவேண்டும் என்று மூன்று பெரியவர்கள் பாடுபட்டோம். ஒட்டிவிட்டாள். எங்கள் ஏக்கத்தை அவளுக்கும் கொடுத்தாகிவிட்டது.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் அக்கா சொன்னாள்: "அழட்டும் தம்பி. அம்மா இருக்கற புள்ளதான் அழும்." சொல்லிவிட்டு அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மத்தியானம் பியூலா சாப்பிடவில்லை. வானத்தில் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி, அம்மா போறாங்க என்று கை ஆட்டினாள். விமானப்படைப் பயிற்சி விமானம் அது, இங்கே நாள் முழுக்கச் சுற்றும். சொல்ல மனம் வரவில்லை. மறுபடி சத்தம், மறுபடி ஓட்டம். சாயங்காலத்துக்குள் ஏழு தடவை.

ஏழாவது தடவை நானும் ஓடினேன்.