மாதுளம்பாகு காணாது

அக். 10, வெள்ளி

காலையிலிருந்து மூடுபனி. விடிய முன்னம் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு, பிறகு முதியோர் இல்லத்துச் சமையலறை. இடது முழங்கால் மறுபடியும் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் கதவடியில் கிண்ணம். நீல விளிம்புக் கிண்ணம்.

மேல்வீட்டு சமர். அலெப்போக்காரி. அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சிரியாவிலும் அதே வழக்கமாம். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுப்பட்டுப்போனோம். அவள் நிரப்பி அனுப்ப, நான் நிரப்பி அனுப்ப, இரண்டு வருடமாகக் கிண்ணம் படியேறி இறங்குகிறது. முதலில் அது யாருடையது என்பது இப்போது இருவருக்குமே ஞாபகமில்லை.

இன்று கிப்பே. கோதுமை நொய்யும் ஆட்டிறைச்சியும் இடித்துப் பிடித்த உருண்டை. க்விட்டன் என்கிற புளிப்புப் பழத்தோடு மாதுளம்பாகு விட்டு அவித்தது. எனக்கு வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை. இவர் பாதியை முடித்துவிட்டார்.

"ஏன் மினக்கெடுறாய்? கழுவிக் குடுத்திட்டு விடு."

கழுவிக் கொடுப்பதாம். வெட்கம் எனக்குத்தானே. ஆனால் களைப்பு. உண்மையாகவே களைப்பு. இதை எப்படி நிறுத்துவது?

அக். 12, ஞாயிறு

மீன் ரோல்ஸ் செய்து கிண்ணத்தில் கொண்டுபோனேன். சமர் வீட்டில் சீனி டின்னில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் அவளுடைய அக்கா ஹலா, அலெப்போவிலிருந்து. அவர்களுடைய வீட்டுச் சமையலெல்லாம் அந்த அக்காவின் கையில்தான். எதுவும் எழுதி வைத்ததில்லை. சமர் சட்டியைப் போனுக்குக் காட்டுவாள். அக்கா "இன்னும் விடு", "போதும்" என்பாள். போன் இல்லாமல் சமருக்குச் சமையல் இல்லை.

ஹலா என்னைக் கேட்கச் சொன்னாளாம், வெள்ளிக்கிழமைக் கிப்பேயில் புளி காணுமோ, போதுமோ என்று. நேற்று மிச்சத்தைச் சாப்பிட்டேன். "கொஞ்சம் காணாது" என்றேன். போனுக்குள் ஒரே சிரிப்பு. அவளும் அதைத்தான் சொன்னாளாம். "உந்தப் பெண்ணுக்குப் புளி தெரியும், அவளைக் கேட்டுச் செய்" என்றாளாம். எனக்கும் சமருக்கும் பாதி ஜெர்மன், பாதி கை. நாங்கள் கதைப்பதைத் தமிழில்தான் எழுதி வைக்கிறேன். ஜெர்மனில் எழுதினால் மானம் போகும்.

பிறகு கோப்பி. குடித்து முடித்ததும் "தாயிமே" என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் என்றைக்கும் கோப்பி இருக்கட்டும் என்று அர்த்தம். சமர் பழக்கியது. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், அவள் ஒவ்வொரு முறையும் சந்தோஷப்படுகிறாள்.

வாங்க: உள்ளி, முழங்கால் பூச்சு.

அக். 16, வியாழன்

கதவடியில் கிண்ணம். கழுவி, துடைத்து, வெறுமையாக.

முதலில் "அப்பாடா" என்றிருந்தது. பிறகு கோபம். ரோல்ஸ் பிடிக்கவில்லையோ? என்னை வெட்டிவிடுகிறாளோ?

பின்னேரம் படியில் அவளுடைய மகள் நூர். கண் சிவந்திருந்தது. "பெரியம்மா ஹலா செத்துப்போனா. நித்திரையிலயே." சமரால் போக முடியாது. அகதிப் பெர்மிட், சிரியாவுக்குப் போக விடாது.

அந்த "அப்பாடா"வை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். காலையில் கொண்டுபோக வேண்டும். இல்லத்துக்குப் பிந்தி வருவேன் என்று சொல்லியாயிற்று.

அக். 17, வெள்ளி

வீடு நிறையப் பெண்கள், கறுப்பில். சமர் என் கையைப் பிடித்தபடி இருந்தாள். கோப்பி தந்தார்கள். சீனி இல்லை, கடும் கசப்பு. மரியாதைக்கு முழுவதும் குடித்தேன். கப்பை வைத்துவிட்டுச் சொன்னேன்: "தாயிமே."

அறை அப்படியே அடங்கிப்போயிற்று. சமர் கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செத்த வீட்டில் "போயிட்டு வாறன்" சொல்லக் கூடாது அல்லவா. அதை மட்டும் மறக்கவில்லை. வாய் திறக்காமல் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அக். 20, திங்கள்

கட்டடத்துப் பொது மெஷினில் உடுப்புத் தோய்க்க இன்று எங்கள் முறை. கீழறையில் நூர். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அன்ரி, செத்த வீட்டில அந்தச் சொல் சொல்லக் கூடாது. இந்தத் துக்கம் எண்டைக்கும் இருக்கட்டும் எண்டமாதிரி."

சரி. அதோடு நான் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வந்ததையும் அந்தப் பெண்கள் கதைத்தார்களாம். சொல்லக் கூடாததைச் சொல்லி, சொல்ல வேண்டியதை விட்டு வந்திருக்கிறேன். எங்கள் வழக்கத்தை நூருக்கு விளக்கினேன். அவள் தலையாட்டினாள். அம்மாவிடம் சொல்வாளா தெரியாது.

முகம் இன்னும் சுடுகிறது. இவருடைய வெள்ளைச் சட்டையை நீலத்தோடு போட்டுவிட்டேன்.

அக். 23, வியாழன்

கத்தரிக்காய்க் குழம்பைக் கிண்ணத்தில்தான் கொண்டுபோனது. கிண்ணம் இன்னும் வரவில்லை.

இவர்: "இப்ப நிம்மதிதானே?"

இல்லை. இரவில் சமைக்கத் தேவையில்லை, சீக்கிரம் படுக்கலாம், ஆனால் நித்திரை வருவதில்லை. இன்று பாதிப் படி ஏறிவிட்டுத் திரும்பிவிட்டேன். என் ஜெர்மன் தரை துடைக்கவும் சட்டி கழுவவும் போதும். மன்னிப்புக் கேட்கப் போதாது. சமரை இழந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக். 26, ஞாயிறு

மழை. மத்தியானம் மணி அடித்தது. சமர், கையில் கிண்ணம், மூடி போட்டு.

"நூர் சொன்னவள், நீங்கள் தமிழ் ஆக்கள் செத்த வீட்டில ஏன் கதைக்காமல் போறனீங்கள் எண்டு" என்றாள். "தாயிமே"யைப் பற்றிப் பேச்சே இல்லை. கிண்ணத்தை மேசையில் வைத்தாள். கிப்பே.

"போன் இல்லாமச் செய்தனான். நூர் கிப்பே தொடமாட்டாள். ஹலா சொல்லிச் செய்ததைத் தின்று புளி சொன்ன நாக்கு இங்க உன்ர மட்டும்தான். சொல்லு."

நின்றபடியே சாப்பிட்டேன். துக்கத்தில் இருப்பவளிடம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"காணாது" என்றேன். "மாதுளம்பாகு காணாது."

கதிரையில் இருந்து அழுதாள். நானும்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவவும் அதைத்தான் சொல்லியிருப்பா" என்றாள். இருவரும் மேலே போனோம். அவள் பாகை ஊற்ற ஊற்ற நான் ருசி பார்த்தேன். போதும் என்று நான் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

கோப்பி போட்டாள். சீனி போட்டது. குடித்துக் கப்பை வைத்து வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், என்ர கோப்பி சரியில்லையோ?"

"தாயிமே" என்றேன்.

கதவடியில் தமிழிலேயே பெலத்துச் சொன்னேன்: "போயிட்டு வாறன்."

கிண்ணம் இப்போது எங்கள் வீட்டில். நாளைக்கு விடிய வேலை, முழங்கால் வேறு. கடலை ஊறப்போட்டாயிற்று.