நாலு காகமும் ஒரு வெள்ளைத் திரையும்

நகக்கண்ணில் எப்போதும் சாயம் ஒட்டியிருந்த என் சின்னம்மாவுக்கு,

உங்களுக்கு ஒரு நினைவுக் குழு அமைத்திருக்கிறார்கள். தலைவர் யார் தெரியுமா? ஞானசேகரம் சேர். சிரிக்காதீர்கள். நானும் சிரிக்காமல்தான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் பள்ளிக்கூட அதிபராக இருந்த காலத்தில், உங்கள் கரைமுகம் நாடகக் குழு ஒத்திகை பார்க்க ஒரு மண்டபம் கேட்டு அவரிடம் போனீர்கள். "பழைய கதையெண்டால் சனம் வரும். உங்கட புது நாடகத்தைப் பார்க்க ஆர் வாறது? நாலு காகம்தான் வரும்" என்று படலை வாசலில் வைத்தே சொல்லி அனுப்பினார். நீங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினி அடுப்படியில் குந்தியிருந்து எழுதத் தொடங்கினீர்கள். நாடகம் ஆரம்பிக்கும் முன்பே அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடும் நான்கு காகங்களின் கதை. துறைமுகத்துத் தேவாலயப் பங்கு மண்டபம் சிரித்துச் சிரித்து அதிர்ந்தது என்று அம்மா சொல்லுவார். அண்ணனைக் காக்கா என்றழைக்கும் மூதூரிலிருந்து நடிக்க வந்த நஸீர் காக்கா, "என்னை ஊரே காக்கா எண்டுதான் கூப்பிடுது, வேசத்துக்குச் சிலவில்லை" என்று முதற் காகமாக ஏறினாராம்.

அந்த நாடகத்தைத்தான் உங்கள் ஆண்டு நினைவுக்குத் திரும்ப மேடையேற்றப் போகிறார், ஞானசேகரம் சேர். "அம்மையாரின்ர மகத்தான படைப்பு, பிள்ளை" என்றார். தன் வாயிலிருந்து விழுந்த வசனத்தில் பிறந்தது அது என்று அவருக்கு நினைவே இல்லை. எப்படி இருக்கும்? அவர்தான் அன்று பார்க்க வரவில்லையே.

கரைமுகத்துக்கு இருந்தது ஒரேயொரு சட்டம் என்று அவருக்குச் சொன்னேன். புது நாடகம் மட்டும், மூன்று இரவுகள், அதன் பிறகு அதைத் தொடுவதில்லை. அவர் என் தோளில் தட்டினார். "சட்டமெல்லாம் அவ இருக்கேக்க. இனிப் புதிசா ஆர் எழுதப் போயினம்?"

அந்தக் கேள்வி இன்னும் விறாந்தைக் கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறது, சின்னம்மா.

நினைவு மலர் ஒன்றும் போடுகிறார்கள். அதன் ஆசிரியர் தன் கட்டுரையை வாசித்துக் காட்டினார். கரைமுகத்தின் நாடகங்கள் குறுகியவையாக இருந்ததற்குக் காரணம் உங்கள் 'சுருக்க அழகியல்' என்று இரண்டு பக்கம். போர்க்காலத்து ஊரடங்குக்கு முன்னர் சனம் வீடு போய்ச் சேர வேண்டும், மூதூருக்குப் போகிற கடைசி லோஞ்ச் படகை நஸீர் காக்கா பிடிக்க வேண்டும், அதனால்தான் குட்டையாக எழுதினீர்கள் என்றேன். அவர் பேனையை எடுக்கவில்லை. அழகியல் அச்சுக்குப் போய்விட்டதாம். பயத்தை அருகிருந்து பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு அழகாகத் தெரிகிறது.

இதெல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். ஆனால் அவர்கள் திரையைக் கேட்டார்கள்.

துறைமுகத்தில் சீமெந்து மூட்டைகளை மூடிக் கிடந்த பழைய தறப்பாளை, அங்கே கிளார்க்காக இருந்த நீங்கள் கேட்டு வாங்கித் தைத்த திரை. ஒவ்வொரு நாடகமும் முடிந்த மறுநாள் காலையில் எல்லாரும் சேர்ந்து அதற்கு வெள்ளை அடிப்பீர்கள். அடுத்த நாடகத்தின் காட்சி அதற்கு மேல் ஏறும். அடுக்கடுக்காகச் சாயம் ஏறி, இப்போது அதை ஒருவர் தனியே தூக்க ஏலாது. சேர் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய அதைப் பார்த்துவிட்டு, "காகப் படம் கீறின அடுக்கு எது?" என்று கேட்டார். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து மேலே உள்ளதையெல்லாம் சுரண்டி எடுப்பாராம். காகம் வந்ததும் கண்ணாடிக்குள் வைப்பார்களாம். காகத்துக்குப் பிறகு வந்த நாடகங்கள் எல்லாம் தூளாகக் கீழே விழும். அதைக் கூட்டி அள்ளுவது யார் என்று நான் கேட்கவில்லை.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவரே எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை வந்து திரையை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிப் போனார்.

நஸீர் காக்காவுக்குப் போன் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எத்தினை வாளி வேணும் தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். இப்போது பாலம் இருக்கிறது. லோஞ்ச்சுக்கு ஓடத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வெள்ளை டிஸ்ரெம்பர்ச் சாய வாளிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முழங்கால் வலிக்கிறது என்று கீழ்ப்பாதியை என்னிடம் தள்ளிவிட்டார். வெள்ளை அடிக்க நீங்கள் இல்லாமல் போன உங்கள் கடைசி நாடகத்தின் நீலக் கடல் அதில் அப்படியே இருந்தது. அதன் மேல் தூரிகையை வைக்க என் கை எழவில்லை. "அடி, அடி. அவ இருந்தா இதுக்குள்ள ரெண்டாம் பூச்சுப் பூசியிருப்பா" என்றார்.

மறுநாள் காலையில் குழு வந்தபோது திரை முழுதாகக் காயவில்லை.

"பிள்ளை, என்ன செய்து வச்சிருக்கிறீர்?"

"வெள்ளை அடிச்சிருக்கிறம், சேர். நாடகம் முடிஞ்சால் அடிக்கிறதுதானே."

"அப்ப காகம்?"

நஸீர் காக்கா தூரிகையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, வாசலில் நின்றவர்களைத் தலை தலையாகப் பார்த்தார். சேர். செயலாளர். மலர் ஆசிரியர். சுரண்ட வந்தவர்.

"சரியா நாலு நிக்குது, சேர்" என்றார்.

சேருக்கு விளங்கவில்லை. "இவர் ஆர்?" என்று என்னைக் கேட்டார். உங்கள் மகத்தான படைப்பின் முதற் காகம் என்று அறிமுகப்படுத்தினேன். உடனே கைகுலுக்கினார். கையெல்லாம் வெள்ளை.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வெள்ளை அடிப்பது சுலபம். அதன் மேல் ஒன்றும் ஏறாவிட்டால், புதிதாக எழுத ஆளில்லை என்ற ஞானசேகரம் சேரின் வார்த்தைதான் சரியாகிவிடும். அந்த மனிதர் ஒரு விஷயத்தில் சரியாக இருப்பதை நீங்கள் தாங்குவீர்களா? என்னால் ஏலாது. சொன்னால் வெட்கம், எனக்குப் பேனையைத் தந்தது உங்கள் நினைவைவிட அந்த எரிச்சல்தான்.

முதற் காட்சியை எழுதிவிட்டேன். நஸீர் காக்காவுக்கு மட்டும் வாசித்தேன். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. "எனக்கு இவ்வளவுதானா வசனம்?" என்று கேட்டார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மாரி மழை தொடங்க முன்னர் மேடையேற்றுவேன், சின்னம்மா. மூன்று இரவுகள். நாலு காகம்தான் வந்தாலும் மூன்று இரவும் நடக்கும். ஊரே எழும்பி நின்று கைதட்டினாலும் மறுநாள் காலையில் வாளியோடு நிற்பேன்.

கையில் இன்னும் வெள்ளை போகாமல்,
உங்கள் பெறாமகள்