சீல் உடைக்காத ஆயில் பாட்டில்

திருவொற்றியூர்,
வியாழக்கிழமை.

ஆண்டவருக்குள் அன்பான மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது.

மோவாயில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்களா? மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் சாப்பிட்டியா, ஊட்டியில் குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வந்தது வாயில் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பயிற்சியில் கீழே விழுந்த மறுநாள் உன் கோச் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். உன் சைக்கிள் பிரேக்குக்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டுமாம். லாரிக்கு ஊற்றுகிற பிரேக் ஆயிலை ஊற்றியதில் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போய், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். யார் ஊற்றியது என்று கேட்டதற்கு, நான்தான் சார் என்றாயாம். தன் சைக்கிளுக்கு எந்த ஆயில் என்றுகூடத் தெரியாத பெண்ணை மாநில அணியில் எப்படிச் சேர்ப்பது, சனிக்கிழமை அனுப்புகிற பட்டியலில் உன் பெயர் இருக்காது என்றார். உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி சார்" என்று போனை வைத்துவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா? எர்ணாவூர் ஷெட்டில் மினி லாரிக்கு பிரேக் பார்க்கிற மனுஷன். பிரேக் என்ற பேச்சு காதில் விழுந்தாலே கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். அவர் உன் சைக்கிள் பிரேக்கைப் பிரித்த அன்றைக்கு, உன்னோடு சைக்கிள் ஓட்டுகிற விமல் நம் வாசலில் நின்று, ஒரு கம்பெனி பிரேக்குக்கு ஒரு ஆயில் அங்கிள், மாற்றி ஊற்றக்கூடாது என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னான்! "இன்னா நைனா, எனக்கே சொல்லித் தர்றியா? ஒருத்தன் ஒரு ஆயிலு, இன்னொருத்தன் ஒரு சைசு அச்சு, ஒரு சைசு நட்டுன்னு ஊர ஏமாத்திகினு கீறானுங்க. பிரேக் ஆயில்னா எல்லாம் ஒண்ணுதான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் உள்ளே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

நீ வாங்கி வைத்த ஆயிலையே ஊற்றிவிட்டதாக அவர் உன்னிடம் சொன்னது பொய். அது எனக்கு அப்போதே தெரியும். நீ ரயில் ஏறிய அன்று காலையில் அந்தச் சின்ன பாட்டில் ஃப்ரிட்ஜ் மேலே சீல்கூட உடைக்காமல் இருந்தது. கேட்டேன். ஷெட்டிலிருந்து கொண்டுவந்ததைத்தான் ஊற்றினாராம். "அவகிட்ட சொல்லாத, சும்மா பேஜாராயிடுவா" என்றார். அவர் கை வைத்த வண்டி எதுவும் வழியில் நின்றதில்லையே என்று நானும் விட்டுவிட்டேன். அதோடு போயிற்றா? அந்த பாட்டிலின் சீலை உடைத்து ஆயிலை என் தையல் மிஷினுக்குப் போட்டுக்கொண்டேன். நீ மலையில் விழுந்த நேரத்தில் நான் அதில்தான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்திருப்பேன். நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது மகளே.

கோச் போன் செய்ததிலிருந்து அப்பா ஷெட்டுக்குப் போகவில்லை. நேற்று தானாகவே விமல் வீட்டுக்குப் போய், அவன் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "புள்ள என் மானத்த காப்பாத்திகினு கீது, நான் சரி சார்ன்றேன்" என்று அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கிறவர் அப்பாதான். ஆயிலை ஊற்றியது நான்தான், பிள்ளையிடம் பொய் சொன்னதும் நான்தான் என்று உன் கோச்சிடம், மற்ற பெண்களும் கேட்கும்படி சொல்லப்போகிறார். சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் பேசும்போது நீ குறுக்கே வந்து, இல்லை சார் நான்தான் என்று மறுபடியும் சொல்லிவிடாதே. அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க உனக்குப் பொறுக்காது, தெரியும். பொறுத்துக்கொள். பட்டியலில் உன் பெயர் வர வேண்டும். வராமல் போனாலும் தப்பு உன்னுடையது இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

அவருக்கு முதலில் ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடு. ரயிலில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

இன்னும் ஒன்று. எனக்கும் அப்போதே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார், எனக்குத் தெரியும். விட்டுவிட்டால் இந்தக் கடிதத்தை உன் கோச்சிடம் படிக்கக் கொடுத்துவிடு. மாதா உனக்குத் துணையிருப்பாள்.

உன் அம்மா,
ரெஜினா