வர வேண்டாம் என்று சொன்ன பிள்ளை

இன்று காலை பயிற்சிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு அறைக்குள் நுழைந்ததும் சார்ட் தாளில் பசை காயும் வாசனை அடித்தது. பி.எட். செய்முறைத் தேர்வு நாளின் வாசனை அது, உனக்குத் தெரியும். இப்போது நான் தேர்வுக்கு நிற்பவள் இல்லை. கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் ஆகப் போகிறவர்களைத் தயார் செய்கிறவள். இருந்தும் பயம் அப்படியேதான் இருக்கிறது.

என் மாணவி, வடகரப்பதிப் பெண், பதினொரு மணிக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் கணக்கு வகுப்பு எடுக்க வேண்டும். மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. போன வாரம் அங்கே ஒரு சின்னப் பெண் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கே அவள் என்று கேட்டேன்.

"காய்ச்சலுங்க டீச்சர்" என்றாள் என் மாணவி, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே.

அந்தப் பொய் எனக்குத் தெரியாதா? அதே பொய்யை, அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்னிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

வண்டிப்பெரியார் பக்கம் நாம் இருவரும் பயிற்சிக்குப் போன பள்ளி. நீ அங்கே எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். உன் வீட்டில்தான் நான் தங்கினேன். உன் அம்மா அவித்த கப்பக்கிழங்கைத் தின்றுகொண்டே இருவரும் பாடக்குறிப்பு எழுதினோம். தேர்வுக்கு முன்பே நான் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்துவிட்டேன், எந்தக் கேள்விக்கு யார் எழ வேண்டும் என்பது வரைக்கும். எல்லோரும் செய்வதுதான். ஒருத்தி மட்டும் எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் தப்பாகவே சொன்னாள். "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். மிட்டாய் வேறு கொடுத்தேன், படுபாவி.

என் வகுப்பு ஓர் இடறல் இல்லாமல் முடிந்தது. அடுத்த மணி, அதே பிள்ளைகளுக்கு உன் வகுப்பு. இடையில் பத்து நிமிடம்.

"ஏட்டி, அந்தப் பிள்ள எங்க?"

"காய்ச்சல்."

என்னையே பார்த்தாய். பிறகு வெளியே ஓடினாய். வீட்டில் இருந்தால் அடி விழும் என்று அவள் சீருடையும் பையுமாகப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாளாம். கையைப் பிடித்துக் கூட்டி வந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தாய். நான் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மேல் கோபம், உனக்காகப் பயம், இரண்டும்.

மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று அவளைத்தான் கேட்டாய். நான்குதான் பெரிய எண், அதனால் அதுதான் என்றாள். தேர்வாளர் பேனாவை மூடினார். நீ இரண்டு தாள்களைக் கொடுத்து மடிக்கச் சொன்னாய். தப்பாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நீ பார்க்கவில்லை. "மெதுவா மடி, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாய். "மூணுல ஒண்ணுதான் டீச்சர் பெருசு!" என்று அவள் கத்தியபோது மணி அடித்துவிட்டது. உன் பாடத்தில் பாதிதான் முடிந்திருந்தது.

வெளியே வந்ததும் உன்னோடு சண்டை பிடித்தேன். நீ சொன்னது இவ்வளவுதான்: "ஒரு பிள்ளைய ரோட்டுல உக்கார வச்சிட்டு என்னத்தட்டி பாடம் நடத்துத?"

எனக்கு முதல் இடம், அதைக் காட்டி வேலை. உனக்கு வெறும் தேர்ச்சி. அப்புறம் வருடா வருடம் புதிதாக விண்ணப்பம் போட்டுத் தினக்கூலி டீச்சர் வேலை, கடைசி வரை. ஒருவரிடமும் நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் உன் அடக்கத்துக்கு வந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. "எம் மவளோட உயிர்ச் சிநேகிதி" என்று உன் அம்மா போதகரிடம் சொன்னபோது கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

"நீதான் அவளை வர வேண்டாம்னு சொன்னியா?" என்று என் மாணவியைக் கேட்டேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாங்க. அவ எந்திரிச்சா எல்லாம் போச்சுங்க. எங்கூட்டுல என்னைய நம்பித்தானுங்க இருக்காங்க."

"நானும் இதே மாதிரி செஞ்சவதான்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அவள் நிமிர்ந்தாள். "அப்பறம் உங்களுக்கு வேலை கெடைச்சிருச்சில்லீங்க டீச்சர்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். போய்க் கூட்டி வா என்று மட்டும் சொன்னேன்.

தேர்வாளரிடம் அரை மணி அவகாசம் கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். என் மாணவி ஸ்கூட்டரில் போய் அந்தப் பிள்ளையைக் கூட்டி வந்து வகுப்பு எடுத்தாள். பிள்ளை ஒரு தடவை எழுந்து தப்பாகத்தான் சொன்னது. இவள் காத்திருந்தாள். முடிந்த பிறகு என் பக்கமே திரும்பாமல் போய்விட்டாள்.

உனக்காகத்தான் இதைச் செய்தேன் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் உன்னிடம் பொய் சொன்னது போதும். தேர்வாளரிடம் நான் சொன்னது என் மாணவி செய்ததை மட்டும்தான். நான் செய்ததைச் சொல்லவில்லை. அன்று உன் மார்க் போயிற்று, இன்று அவளுடையது. இரண்டு தடவையும் நான் பத்திரமாக இருக்கிறேன்.