நீல நூல் கட்டிய பை

மே 11, திங்கள்

ஷிரோக்கோக் காற்று வீசுகிறது. விடியவே சூடு. யன்னல் விளிம்பெல்லாம் செம்மண் தூசி. மனைவி ஜெசி துடைக்கத் துடைக்கத் திரும்ப வருகிறது.

செய்ய வேண்டியவை: எஞ்சினியர் ஐயாவுக்குக் (இனி எ.ஐ.) கால்நகம் வெட்ட. பெர்மெஸ்ஸோ (இந்த நாட்டு வதிவிட அனுமதி) புதுப்பிக்கப் படம் எடுக்க. கறுப்புக் காற்சட்டையின் நீளம் குறைக்க. சூடை மீன் வந்தால் அரைக் கிலோ.

காலை ஆறுக்கு வேலைக்கு இறங்கினால் தபால்பெட்டிகளுக்குக் கீழே மறுபடியும் ஒரு குப்பைப் பை. இந்த மாதத்தில் நான்காவது. ஏழு மணிக்குக் கட்டிடத்து வாட்ஸ்அப் குழுவில் முதலாம் மாடிப் பெரியவ சிஞ்ஞோரா பீனாவின் செய்தி: விடிய முதலில் இறங்குகிறவர் யார்? நான்காம் மாடித் தமிழர். வேறு யார் போட்டிருக்க முடியும்? கீழே ஆறு கட்டைவிரல். மூன்றாம் மாடித் தொத்தோ கைதட்டல் படமும் போட்டிருக்கிறார்.

முதலில் இறங்குகிறவன் நான்தான், பொய்யில்லை. பொலிதேயாமாப் பகுதியில் எ.ஐ.யை ஆறரைக்கு எழுப்பிக் குளிக்க வார்க்க வேண்டும். பதினாறு வருடமாக அதுதான் பிழைப்பு. எங்கள் குப்பையை மாலையில் சந்தித் தொட்டிக்கு நானே கொண்டுபோகிறேன். அதை யாரும் பார்ப்பதில்லை.

எ.ஐ. இன்று இரண்டு தரம் சாப்பிட்டார். இரண்டாம் தரம், முதல் தரம் சாப்பிட்டதை மறந்ததால்.

மே 12, செவ்வாய்

மே மாதம் மாதா சிலை வீடு வீடாகப் போகும். மன்னாரில் எப்படியோ இங்கேயும் அப்படியே. மாலை ஏழுக்குச் செபமாலை, மறுநாள் அடுத்த வீடு. எந்த நாள் எந்த வீடு என்ற பட்டியலை முப்பது வருடமாக எழுதி வாசற்கதவில் ஒட்டுவது பீனாதான். இந்தக் கட்டிடத்துக்கு நாங்கள் வந்து பதினொரு வருடம். இந்த வருடம்தான் முதன்முதலாக எங்கள் பெயர் வந்தது. 23ஆம் திகதி, சனி. ஜெசி வெள்ளை மேசைத்துணி வாங்கிவிட்டாள். எல்லா அக்காமாருக்கும் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள்.

இன்று பார்த்தால் எங்கள் பெயருக்கு மேல் ஒரு கோடு. பக்கத்தில் தொத்தோவின் பெயர்.

ஜெசி மேலே வந்து மீனைப் பொரித்தாள். அது கருகிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“இஞ்சை பாருங்கோ, எங்கட வீட்டுக்கு வாறதெண்டால் மாதாவுக்கும் பெர்மெஸ்ஸோ வேணுமோ?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கொதித்தது. பட்டியலைக் கிழிக்க இரண்டு மாடி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் அந்த மேசைத்துணியைத் திரும்ப மடித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மே 14, வியாழன்

காற்று அடங்கிவிட்டது. எ.ஐ.யின் மகள் இன்று வீட்டில் நின்றதால் பத்துக்குப் போனால் போதும்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

காலையில் பூனை பையைக் கிழித்து வாசல் முழுவதும் பரப்பிவிட்டது. விளக்குமாறு எடுத்து வந்து கூட்டினேன். கூட்டினால் ஒப்புக்கொண்டது போலாகும் என்று ஜெசி தடுத்தாள். எழுபத்தைந்து வயது ஆட்கள் வழுக்கி விழுவார்களே என்று நினைத்து நான் அவள் சொல்லைக் கேட்கவில்லை.

கிடந்தவை: வெட்டி எறிந்த பாண் ஓரங்கள். குழந்தைப் பிள்ளைக்குக் காய்ச்சுவது போன்ற பொடிப் பாஸ்தாப் பெட்டி. எ.ஐ.க்கு நான் தினமும் தேய்க்கிற அதே முழங்கால் மருந்துக் குழாய். பிறகு பத்திரிகைத் தாளில் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் நீல நூலால் இறுக்கிக் கட்டியது. ஒன்று அவிழ்ந்து கிடந்தது. பெரியவர்களுக்குக் கட்டும் நாப்பி.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். மகள் நிரோவின் முதல் நன்மைச் சடங்கு உடுப்பைச் சரிசெய்து, தாளில் சுற்றி, இதே முடிச்சுப் போட்டுத் தந்தவ பீனா. ஐம்பது வருடம் தையற்காரி.

பெயர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு விளங்கியிருக்காது. சந்தித் தொட்டிவரை நடக்கக் கால் ஏலாது. வீட்டில் வைத்திருக்க நாற்றம். ஒருவரைக் கேட்க வெட்கம். இருட்டோடு கைபிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கியிருக்கிறா.

நிரோ பள்ளிக்குப் போகிற அவசரத்திலும் ஒரு படம் எடுத்துவிட்டாள்.

“அப்பா, இதுதான் ப்ரோவா, அத்தாட்சி! எங்கட வீட்டில ஆர் இதெல்லாம் பாவிக்கிறது? குறூப்பில போடுங்கோ.”

“அழி.”

“எதுக்கு? சிஞ்ஞோரா எங்களைப் பற்றி எழுதினவதானே!”

“அழியெண்டால் அழி, பிள்ளை.”

அழித்தாள். கதவைச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

என்னைப் பெரிய ஞானி என்று நினைக்கக் கூடாது. அழிக்கச் சொல்லும்போதே, அந்தப் படத்தைப் பார்த்தால் தொத்தோவின் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை பண்ணி ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பதினாறு வருடம் வயதானவர்களின் உடுப்பு மாற்றுகிறவன் நான். கதவைச் சாத்திவிட்டுத்தான் மாற்றுவேன்.

மே 16, சனி

குறை இருந்தால் முதலில் அந்த ஆளிடம் தனியாகப் போய்ச் சொல் என்பது ஆண்டவர் காட்டிய வழி. கேட்க லேசு. முதலாம் மாடிக்கு இறங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

சாட்டுக்குக் கறுப்புக் காற்சட்டையைக் கொண்டுபோனேன். அவ இத்தாலியனில் சொன்னதை எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

“நான் இப்ப தைக்கிறதில்லை. கண் தெரியாது. குப்பையைப் பற்றிக் கதைக்க வந்தனியளோ?”

“ஓம், சிஞ்ஞோரா.”

“அது உங்கடதுதான். எல்லாருக்கும் தெரியும்.”

“நான் எத்தினை வருஷமா வயசான ஆக்களைப் பாக்கிறன் எண்டு தெரியும்தானே. வியாழக்கிழமை வாசலைக் கூட்டினது நான். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. ஜெசிக்கும் சொல்லேல்லை.”

நாப்பி என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அவவின் முகம் சிவந்து வெளிறியது. கேட்காமலே கோப்பி போட்டா.

“என்ரை மகன் மிலானோவில. எனக்கு ஏலாமப் போச்செண்டு தெரிஞ்சால் அடுத்த ரயிலில வந்து என்னை முதியோர் இல்லத்தில விட்டிடுவான். இந்த வீட்டிலதான் நான் கலியாணம் கட்டி வந்தனான்.”

“பின்னேரம் பையை உங்கட பானாரோக் கூடையில இறக்கி விடுங்கோ. நான் தொட்டியில போடுறன். ஆனா தமிழர் போடேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

“அது மட்டும் ஏலாது.”

எழும்பி வந்துவிட்டேன். கோபத்தில் காற்சட்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.

மே 17, ஞாயிறு

தமிழ்ப் பூசை. நல்ல கூட்டம், நல்ல பாட்டு. பரலோக மந்திரத்தில் மன்னிக்கிற இடம் வந்ததும் இருமினேன். ஜெசி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என் இருமல் எது, சாட்டு எது என்று தெரியும்.

வரும் வழியில் யோசித்தேன். ஒரு சொல்லுக்காகப் பையைத் தூக்குகிறேன் என்றது பேரம். அவவுக்குக் கால் ஏலாது, எனக்கு ஏலும். பைக்கு அது போதும். எங்கள் பெயருக்கு என்ன வழி என்று தெரியவில்லை. அதை ஆண்டவரிடமே விட்டேன், கொஞ்சம் முறைப்பாட்டோடுதான்.

மத்தியானம் ஆட்டுக்கறி. வயிறு நிறைந்தது. ஒரு மணித்தியாலம் நல்ல நித்திரை.

மே 18, திங்கள்

மாலை ஆறேகால். முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன்: “சிஞ்ஞோரா, பானாரோ!”

பல்கனிக் கதவு மெல்லத் திறந்தது. பிறகு கயிற்றில் கூடை ஆடி ஆடி இறங்கியது. வழக்கமாகப் பாணும் எலுமிச்சையும் ஏறுகிற கூடை. இன்று உள்ளே பை. முகத்தைக் காட்டவில்லை, கை மட்டும் தெரிந்தது.

நாளைக் காலையில் வாசல் சுத்தமாக இருக்கும். ஜெசிக்குச் சொல்ல வேண்டி வந்தது, பாதி மட்டும். “உங்களுக்கு விசர்,” என்றாள். பிறகு சாப்பாட்டில் எனக்குப் பெரிய மீன்துண்டு.

மே 20, புதன்

மூன்றாம் நாள். தொத்தோ வாசலில் சிகரெட்டோடு நின்றார். என் கையில் பீனாவின் பை.

“ஆ, கடைசியில தமிழரும் பழகிட்டினம்!”

பாண்கடைவரை பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தொட்டிக்குக் கிட்டப் போகச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பை என்று சாதித்தவர்களுக்கு இப்போது என்னைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. தனியே நின்று சிரிக்கிறவனைப் பார்த்து ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டா.

மே 21, வியாழன்

இன்று நடந்ததை மறக்கக் கூடாது. எழுதி வைக்கிறேன்.

இன்று செபமாலை இரண்டாம் மாடி வீட்டில். ஏழுக்குக் கொஞ்சம் முன்னம் பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தில். நான் வேலையால் பிந்தி வந்து கூடைப் பையை எடுத்தேன். தொத்தோ எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“பாருங்கோ, குறூப்பில ஒரு வரி எழுதினால் காணும். இப்ப ஒவ்வொரு நாளும் தங்கட குப்பையைத் தாங்களே கொண்டுபோகினம்!”

சிரித்தார்கள். நான் நடக்கத் தொடங்கினேன். மேலே பல்கனிக் கதவு படாரென்று திறந்தது.

“மியா, என்ரை!” பீனாவின் குரல். “அது என்ரை! என்ரை வீட்டுக் குப்பை! முதல் பையிலயிருந்து எல்லாம் என்ரை! நான் பொய் எழுதினனான். எனக்குக் கால் ஏலாது. அந்த மனுசன் எனக்காகத் தூக்குறார். கேட்டுதோ, தொத்தோ?”

கதவு மூடிக்கொண்டது. பிறகு தொத்தோ சிகரெட்டைக் காலால் நசுக்கி, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். செபமாலை பத்து நிமிடம் பிந்தித் தொடங்கியது. மன்னிக்கிற இடத்தில் இருமல் வரவில்லை.

மே 22, வெள்ளி

பட்டியலில் கோட்டுக்கு மேல் எங்கள் பெயர் மறுபடியும், பெரிய எழுத்தில். ஜெசி அதைப் படம் எடுத்தாள். நிரோ குறூப்பில் போடட்டுமா என்றாள். வேண்டாம் என்று நான் சொல்ல முதலே அவளே சிரித்துவிட்டாள்.

பீனாவின் மகனுக்கு யாரோ போனில் சொல்லிவிட்டார்களாம். ஞாயிறு வருகிறான். அவவுக்கு அந்தப் பயம். என்னைக் கேட்டால் சொல்வேன்: காலையில் ஒரு ஆள், பின்னேரம் ஒரு கூடை, அது போதும், வீட்டிலேயே இருக்கட்டும் என்று. தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்.

வாங்க: கடலை 2 கிலோ, பற்றிஸ் மா, மெழுகுதிரி. கதிரை 14, தொத்தோ தருகிறாராம்.

மே 23, சனி

மாதா வந்துவிட்டா. வெள்ளைத் துணி, மல்லிகை, ஜெசி அழுது முடித்துவிட்டாள். கடலை முழுவதும் தீர்ந்தது. உறைப்பு என்று சொல்லிச் சொல்லியே தின்றார்கள்.

நாலாம் மாடிக்கு ஏறப் பீனாவால் ஏலாது. கதிரையோடு தூக்கினோம், முன்னால் தொத்தோ, பின்னால் நான். மாதாவைவிடப் பாரம். வழி முழுக்க எங்களைத் திட்டிக்கொண்டே வந்தா.

மடியில் ஒரு பொட்டலம். செபமாலை முடிந்ததும் என்னிடம் தந்தா. பத்திரிகைத் தாள், நீல நூல், அதே முடிச்சு. உள்ளே என் கறுப்புக் காற்சட்டை. மடிப்பு முழுவதும் நீல நூலால் தைத்திருக்கிறா, ஒரு கால் மற்றதைவிட ஒரு விரல் நீளம்.

நாளைப் பூசைக்கு அதைத்தான் போடுவேன்.