இடது காலில் கட்டு, வலது காலில் நொண்டல்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுகிறேன்.

நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், இதை நீ அப்படியே நம்பலாம். நீயும் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியிலேயே எழுதுகிறாய், அதை நான் நம்பவில்லை, அதைச் சொல்லத்தான் இன்று பதிப்பகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. என் முழங்கால் பழையபடிதான், படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது. மேல் வீட்டுக்காரி ஒரு வாரமாக என்னைப் பார்த்தாலே பல்லைக் காட்டுகிறாள், எதையோ கேட்கப் போகிறாள், என்னவென்றுதான் இன்னும் பிடிபடவில்லை. சமையலறைக் குழாயைச் சரி செய்ய வந்த பிளம்பர் இனிமே பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம், மறுநாள் காலையில் தரையெல்லாம் தண்ணீர். என் சந்தேக புத்தியை நீயும் உன் அப்பாவும் எத்தனை வருஷமாகக் கிண்டல் செய்கிறீர்கள், நன்றாகச் செய்யுங்கள், ஆனால் நான் சந்தேகப்பட்டு வீணாய்ப் போனது எத்தனை தடவை என்று கொஞ்சம் எண்ணிப் பார். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும்தான் தப்பு நடந்தது, இவ்வளவு நல்ல பையனாக ஒருத்தன் இருப்பானா என்று ஆறு மாதம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே நல்ல பையன்தான் என்று கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

பதிப்பகத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. முதலாளிக்கு இந்த வருஷம் என்ன தோன்றியதோ, சிரிப்புப் புத்தகமாகப் போட்டுத் தள்ளுகிறார். ஒன்று மனுக்களின் தொகுப்பு, எல்லாம் பொய் மனு, கொசு ஒன்று சுகாதாரத் துறைக்கு எழுதுகிற மாதிரி. ஒன்று பொய் அகராதி. ஒன்று தன்னைப் பெரிய அறிவாளியாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தாவின் டைரி, அவருக்குத் தான் முட்டாள் என்று தெரியாது, படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும், அதுதான் அதில் வித்தை. அர்த்தமே இல்லாத பாட்டுகள் ஒரு புத்தகம், அதைப் புரூஃப் பார்ப்பது மாதிரிக் கொடுமை உலகத்தில் இல்லை, தப்பு எது சரி எது என்று யாரைப் போய்க் கேட்பது. என்னோடு புரூஃப் பார்க்கிற கண்ணாடிக்காரர் அதை என் மேசையில் வைத்துவிட்டு நைசாக நழுவிவிட்டார். எல்லாரும் என்னிடம் உங்களுக்கென்ன, நாள் முழுக்க சிரிச்சுக்கிட்டே வேலை பாக்கறீங்க என்கிறார்கள். ஒரே ஜோக்கை நான்கு தடவை படித்துப் பார்த்தால் தெரியும் எவ்வளவு சிரிப்பு வருகிறதென்று. முதல் தடவை சிரிப்பு வரும், இரண்டாவது தடவை அது எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தெரியும், நான்காவது தடவை எழுதின ஆள் எதை மறைக்கிறார் என்று கூடத் தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், இதை மறந்துவிட்டுத்தான் நீ எனக்கு அப்படிப்பட்ட கடிதங்களை எழுதியிருக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வெளிநாடு போய் ஆறு வருஷமாகிறது, இந்த நான்கு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் நீ எழுதின கடிதம் ஒன்றாவது அரைப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறதா? அம்மா நலம், நேரமே இல்லை, அந்தத் தலைவலித் தைலத்தின் பெயர் என்ன, மற்றவை போனில், இவ்வளவுதான் உன் கடிதம். இப்போது நான்கு மாதத்தில் ஐந்து கடிதம், ஒவ்வொன்றும் ஆறேழு பக்கம், ஒவ்வொன்றும் ஒரு தினுசு. போன் செய்தால் சத்தம் சரியாக் கேக்கலம்மா, லெட்டர் போடறேன் என்கிறாய். முகத்தைக் காட்டு என்றால் கேமரா கெட்டுப் போச்சு என்கிறாய், நான்கு மாதமாகவா ஒரு கேமரா கெட்டுக் கிடக்கும், யார் காதில் பூ சுற்றுகிறாய்? முதல் கடிதம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு மாதிரி இருந்தது, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் யார் எந்தத் தட்டில் எதை வைப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் கூட்டம் போட்டு, தீர்மானம் தோற்று, வெளிநடப்பு வரைக்கும் போனதாக. அருமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன், நானே சிரித்தேன். இரண்டாவது கேள்வித்தாள். வாஷிங் மெஷின் ஒரு ஜோடி சாக்ஸில் ஒன்றை மட்டும் தின்பது ஏன், இருநூறு சொற்களில் விளக்குக என்று இருந்தது. மூன்றாவது அகராதி, ஐந்து நிமிஷம் என்பதற்கு நாற்பது நிமிஷம் என்று பொருள் போட்டிருந்தாய். நான்காவது உன் குடையைப் பற்றிய நீளப் பாட்டு. உன் அப்பாவைக் கேட்க வேண்டுமா, ஒவ்வொன்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முடிதிருத்துகிறவர் கடை, அவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டிடங்களின் காவலாளிகள் என்று ஒருவர் விடாமல் வாசித்துக் காட்டுகிறார், வாசிப்பதற்கு முன்னாலேயே இவர் சிரித்துவிடுகிறார். எங்க வாயாடி எழுதினதுங்க என்று பெருமை வேறு. நான் மட்டும் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் மாப்பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். கேள்வித்தாளில் இரண்டு இடத்தில் வருகிறார். அகராதியில் ஒரே இடம். குடைப் பாட்டில் நீ தனியாக நனைகிறாய். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை, அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கெடுப்பானேன்.

அப்புறம்தான் ஐந்தாவது கடிதம் வந்தது. மாப்பிள்ளை சுவரில் பலகை மாட்டப் போன கதை. ஏழு பக்கம் முழுக்க மாப்பிள்ளைதான். உன் அப்பா சத்தமாக வாசிக்க வாசிக்க நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, சரி மாப்பிள்ளை வந்துவிட்டார், நான்தான் அனாவசியமாகப் பயந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆணி வளைகிறது, சுத்தியல் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பக்கத்தில் போய் விழுகிறது, ஏணி சரிகிறது, இடது கால் பெருவிரலில் அடிபட்டு பெரிய கட்டு. சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு வலது காலில் செருப்பு நுழையவில்லை, வலது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறக்கிறார். அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்று உனக்குத் தெரியாது, இந்த விஷயத்தை நான் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை, வெட்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் போட்ட ஒரு சிரிப்புப் புத்தகத்தில் இதே கதை இருக்கிறது. அறுபத்தொன்றாம் பக்கத்தில் அந்தக் கணவனுக்கு இடது காலில் கட்டு, அறுபத்து மூன்றாம் பக்கத்தில் வலது காலை நொண்டுகிறான். எழுதியவர் கவனிக்கவில்லை, நான் நான்கு தடவை படித்தும் கவனிக்கவில்லை, அச்சாகிப் போய்விட்டது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இது எந்த வைத்திய முறை என்று கேட்டு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டார், முதலாளி அதை என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்தார், இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, தினமும் என்னைப் பார்த்துக்கொண்டு. அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதியை நீ ஊருக்குக் கிளம்பும்போது நான்தான் உன் பெட்டியில் வைத்தேன். நீ எழுதினவரின் நாயைப் பூனையாக்கினாய், சமையலறையைக் கூடமாக்கினாய், எல்லாம் சாமர்த்தியமாகத்தான் செய்திருக்கிறாய், காலை மட்டும் மாற்றவில்லை.

காப்பியடித்தாய் என்று நான் திட்டவில்லை, அது கிடக்கட்டும். எட்டு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து திட்டுக் கடிதம் கொண்டு வந்தபோதே அதை எங்கள் முன்னால் செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்துக் காட்டி, திட்ட வந்த அப்பாவைச் சிரிக்க வைத்த பெண் நீ. உனக்கு இரவல் சிரிப்பு தேவைப்படுகிறதென்றால் சொந்தச் சிரிப்பு எங்கே போனது? அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். நம் வீட்டுக்கு வந்தபோது செருப்பு அலமாரியைப் பத்து நிமிஷத்தில் ஒரு சத்தம் இல்லாமல் மாட்டிவிட்டுப் போனவர் மாப்பிள்ளை, அந்தப் புத்தகத்துக் கணவனைக் கொண்டு வந்து அவர் இடத்தில் உட்கார வைத்திருக்கிறாய். அப்படியானால் எங்கள் மாப்பிள்ளை எங்கே? சண்டையா, பிரிவா, உடம்புக்கா? உடம்புக்கென்றால் அவருக்கா, உனக்கா? இந்த மூன்று வாரமாக ஒரு நாளைக்கு ஒன்றாக நினைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் உன் அப்பாவின் கூத்து வேறு. போன திங்கட்கிழமை துணி துவைக்கப் போட்டபோது அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன உறை, உள்ளே அவருடைய போட்டோ நான்கு, நான்கும் ஒரே மாதிரி. முப்பத்து மூன்று வருஷத்தில் இந்த மனுஷன் சிரிக்காமல் எடுத்த போட்டோ ஒன்று நான் பார்த்ததில்லை, இதில் முகம் அப்படியே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. என்ன இது என்றேன். வேலையில புது அடையாள அட்டை குடுக்கறாங்க என்றார், சொல்லும்போது காதைச் சொறிந்தார். பொய் சொன்னால் காது அரிக்கும் அவருக்கு. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது, ஏதாவது ஆஸ்பத்திரிக் காரியமா, எனக்குத் தெரியாமல் என்ன நடக்கிறது என்று மறுநாள் காலையில் நேரே தெருமுனை போட்டோக் கடைக்குப் போய்விட்டேன். போட்டோக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார், பாஸ்போர்ட்டுக்குத்தாம்மா, அதுல சிரிக்கக் கூடாது, இவர எப்படி சிரிக்காம உக்கார வைக்கப்போறேன்னு பயந்தேன், ஆனா லைட்டப் போட்டதும் முகம் அப்படியே மாறிடுச்சு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு என்று.

சாயங்காலம் அவர் வந்ததும் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து, சொல்லுங்க, எங்க போகப் போறீங்க என்று கேட்டேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேடையில் வைத்தார். அப்புறம் சொன்னார், அவகிட்டத்தான், அவ நல்லா இல்லன்னு ரெண்டாவது லெட்டர்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு என்று. எப்படி என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் கத்தினா கவலப்பட மாட்டேன், கத்தட்டும், மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். உள்ள இருந்துக்கிட்டு ஜோக் அடிக்கிறான் பாரு, அவனுக்குத்தான் கை கால் நடுங்கிக்கிட்டிருக்கும், அவன் இருக்கிற லிஃப்டத்தான் நான் முதல்ல திறப்பேன் என்றார். அப்ப ஏன் ஊரெல்லாம் வாசிச்சுச் சிரிச்சீங்க என்று கத்தினேன். நீ பயந்துடுவேன்னுதான் என்றார். நான் அவர் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவர் நான் பயந்துவிடக் கூடாதென்று சிரித்துக்கொண்டிருந்தார், ஒரே வீட்டில் இரண்டு கிழங்கள் நான்கு மாதம் நாடகம் போட்டிருக்கிறோம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அப்புறம் நான் கால் விஷயத்தைச் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்கப்புறம் அதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

என் போட்டோவும் எடுத்தாகிவிட்டது, பாஸ்போர்ட் விண்ணப்பம் இரண்டும் வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டோம். உன்னை விசாரிக்க வரவில்லை, அங்கே யார் மேல் தப்பு என்று நான் கேட்கவும் மாட்டேன், என்னால் முடியுமா என்று நீ சந்தேகப்படுவாய், முயற்சி செய்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளை எங்கே இருந்தாலும் அவரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கம், அரைப் பக்கம் எதுவும் வேண்டாம். நடந்ததை எழுத முடியாவிட்டால் எழுதாதே. வாங்க என்று ஒரு சொல் மட்டும் எழுதிப் போடு. வராதீங்க என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா