இருவர் இல்லாமல் ஓடாத கார்

ஜனவரி 9, வெள்ளி

பனி. விடிந்த பிறகும் சேலையூர் ஏரிப் பக்கம் எதுவும் தெரியவில்லை. நாளை பழைய கார் சங்கத்தின் ஆண்டுப் பயணம். தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் ஏரி, அங்கே மதியச் சாப்பாடு, திரும்புதல். ஏழு வண்டிகள். பொங்கலுக்கு ஊரே தெற்கே கிளம்பும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் செயலாளர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். பிறருக்கு லீவு எப்போது தொடங்கும் என்பது அவர் நினைவில் இல்லை. ஆட்சேபித்தேன். "விடியக்காலையில கிளம்பிட்டா ரோடு காலியா இருக்கும் சார்" என்றார்.

எடுத்து வைத்தவை: ரேடியேட்டருக்குத் தண்ணீர், எங்களுக்குத் தண்ணீர், உபரி ஃபேன் பெல்ட், ஆர்.சி., காப்பீடு, பிரஷர் மாத்திரை, உடன்படிக்கையின் நகல்.

மனைவி வசந்தா: "பிக்னிக் போறதுக்கு அக்ரிமெண்ட் எதுக்குங்க?"

வக்கீல் பழக்கம் என்றேன்.

கார் அப்பாவுடையது. அவருக்குப் பின் நானும் தம்பி சேகரும் வீட்டைப் பிரித்துக்கொண்டோம், பேச்சும் நின்றது. காரைப் பிரிக்க இயலாது. ஆகவே உடன்படிக்கையின் ஐந்தாம் பாரா, என் வாசகம்: ஒருவர் உடனில்லாமல் மற்றவர் அதைச் சாலைக்கு எடுத்துச் செல்லலாகாது. நோக்கம், சொத்துப் பாதுகாப்பு. வேறொரு நோக்கமும் உண்டு. அதை எங்கும் எழுதவில்லை, இங்கும் அவசியமில்லை.

விளைவு: ஆண்டுக்கு ஒரு நாள் கோவிலம்பாக்கத்திலிருந்து சேகர் வருகிறான். போகும்போது அவன் ஓட்டுவான், வரும்போது நான். பேசுவது வழியைப் பற்றி மட்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று எழுத இயலவில்லை. இடுப்பு வலி. நிகழ்ந்தவை, வரிசைப்படி:

பெருங்களத்தூர் வரை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. மேம்பாலத்துக்கு முன்பே சூட்டு முள் சிவப்பில். பானெட்டிலிருந்து ஆவி. எஞ்சின் நின்றது, மறுபடி எழவில்லை. மற்ற ஆறு வண்டிகளும் முன்னால் போய்விட்டிருந்தன.

நாங்கள் இருந்தது வலது ஓரம். இரண்டே கதவுள்ள வண்டி. சேகர் பக்கக் கதவைத் திறந்தால் நடுச்சுவர். என் பக்கம் திறந்தால் பேருந்து. கண்ணாடியை ஏற்றினால் வேக்காடு, இறக்கினால் புகை. பாதி இறக்கி வைத்தோம், இரண்டும் கிடைத்தன.

ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து: "இன்னா பெர்சு, மியூசியத்துக்கு எட்த்துகினு போறியா, இல்ல மியூசியமே இதானா?"

சேகர்: "டிக்கெட் எடுத்துட்டுப் பாருப்பா."

செயலாளர், தொலைபேசியில்: "நாங்க வண்டலூர் தாண்டிட்டோம் சார். திரும்பினா நாங்களும் மாட்டிக்குவோம். தைரியமா இருங்க." சிறிது நேரத்தில் சங்கத்தின் வாட்ஸாப்பில் படம்: பொங்கல், வடை, சிரித்த முகங்கள்.

இழுவை வண்டிக்காரர்: "வந்துகினே கீறேன் சார். உங்க பின்னாடி இதே டிராபிக்லதான் நானும் நிக்கறேன்."

வாகனங்களுக்கிடையே நுழைந்து வந்த போக்குவரத்துக் காவலர்: "யார் சார் ஓனர்?"

"நாங்க" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

"ரெண்டு பேரா? அப்ப ரெண்டு பேரும் எறங்கித் தள்ளுங்க." எங்களைச் சற்றே உற்றுப் பார்த்து, "வேணாம், உள்ளயே உக்காருங்க" என்று போய்விட்டார்.

உட்கார்ந்தோம். எதிரே ஒரு பேருந்தின் முதுகு. அதில் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்து முடித்தாயிற்று. வெயில் ஏறியது. ஜனவரி என்று பெயர். சேகர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம். எனக்குப் பிடிக்காது. சொல்லவில்லை. அவனுக்கும் என்னிடம் பிடிக்காதவை இருந்திருக்கும்.

பிறகு எனக்கு ஓர் அவசரம். வயது அறுபத்தெட்டு, விளக்கம் தேவையில்லை. காலை மாற்றி மாற்றி உட்கார்ந்ததைச் சேகர் கவனித்துவிட்டான். குடிதண்ணீர் பாட்டிலின் மிச்சத்தை ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு நீட்டினான்.

"அண்ணா, வேற வழி இல்ல. நான் சுவத்தைப் பாக்கறேன்."

துண்டைப் போர்த்திக்கொண்டு காரியத்தில் இருக்கையில், பக்கத்துப் பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு பெண்: "அங்கிள், செம வண்டி! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

சேகர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்: "ரெண்டு நிமிஷம் இரும்மா. அண்ணன் மேக்கப் போட்டுக்கிட்டு இருக்காரு."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். ஹாரன் அழுந்தி அலறியது. நானும் சிரித்தேன். பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்தபடி சிரிப்பது எளிதல்ல.

சிரிப்பு அடங்கியதும் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும் அண்ணா. பொண்ணு பெங்களூருக்கே வந்துடுங்கறா. இந்த மாசக் கடைசியில கிளம்பறோம்."

"வீடு?"

"வாடகைக்கு விட்டுடுவேன். இந்த வண்டியில என் பாதியை நீயே எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் வேணாம். விடுதலைப் பத்திரம் நீ எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டுடறேன். வருஷா வருஷம் என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் போற தொல்லையும் உனக்கு விட்டுது."

தொல்லை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு."

"சரி அண்ணா."

இறங்கி நாலடி நடந்திருந்தால் சரியான பதில் கிடைத்திருக்கும். இறங்க இடமில்லை. அதன் பிறகும் வெகுநேரம் அந்த இருக்கைகளிலேயே இருந்தோம். தோள் இடித்துக்கொள்ளும் அளவே அகலம். தாளமும் நின்றுவிட்டது.

கடைசியில் பின்னாலிருந்த பேருந்தின் கண்டக்டர் தன் பயணிகளிடம்: "எறங்கி ஒரு கை வைங்கப்பா. இல்லன்னா நாமளும் இங்கயே பொங்கல் வெச்சிட்டுப் போவ வேண்டியதுதான்." இருபது பேர் தள்ளினார்கள், இருவர் வீடியோ எடுத்தார்கள். பாலத்தருகே சுவர் விட்ட இடைவெளியில் இழுவை வண்டி கொக்கி மாட்டியது. இரும்புலியூர் பட்டறை. மெக்கானிக் பாபு பொங்கல் முடிந்துதான் பிரித்துப் பார்ப்பாராம்.

சேகர் ஆட்டோ பிடித்தான். "பத்திரம் ரெடியானதும் சொல்லு" என்றான்.

ஜனவரி 13, செவ்வாய்

மேகமூட்டம். கரும்பு வந்தது; வசந்தாவுக்கு விலையில் அதிருப்தி. பிரஷர் சற்று அதிகம்.

பத்திரம் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்க வேலை. 'மேற்படி வாகனத்தில் இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை.' வழக்கமான வாசகம். எத்தனையோ அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துக் கட்டணமும் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

மறுக்க என்ன வழி என்று பார்த்தேன். (அ) அவன் பாதியை அவன் விட்டுக்கொடுக்க என் சம்மதம் வேண்டியதில்லை. (ஆ) பெறுபவன் நான், நஷ்டம் இல்லை. (இ) ஏதுமில்லை.

வசந்தா: "போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"என்ன காரணம் சொல்றது?"

"தம்பிகிட்ட பேசக் காரணம் வேணுமா?"

வேண்டும். காரணமில்லாமல் எனக்குப் பேசிப் பழக்கமில்லை. போனை எடுத்து வைத்தேன், இருமுறை.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில். பண்டிகைக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள், ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் மாடி வரை.

காலையில் மெக்கானிக் பாபு: "சார், எஞ்சின் ஹெட் விரிசல் விட்டுக்கிச்சு. இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் கெடைக்கறது பேஜார். தேடிப் பிடிச்சு முடிக்க ஆறு மாசம் ஆவும்."

நன்றி என்றேன். அவர் குழம்பியிருக்கக்கூடும்.

உடனே சேகருக்குப் போன். பின்னணியில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் ஓசை.

"பத்திரம் ரெடியா அண்ணா?"

"அது இப்ப முடியாது. வண்டி ரிப்பேர்ல இருக்கு. அஞ்சாவது பாராப்படி ரிப்பேர் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் மாசம் ஒரு சனிக்கிழமை நேர்ல வந்து பாக்கணும்."

ஐந்தாம் பாராவில் அப்படி எதுவும் இல்லை. இல்லாத வாசகத்தை இருப்பதாக நான் எந்த நீதிமன்றத்திலும் சொன்னதில்லை.

"பெங்களூர்லேருந்தா?"

"ஆமா."

"இரு. என் காப்பி இங்கதான் எங்கயோ கெடக்கு."

பெட்டியைப் பிரிக்கும் ஓசை. தாள் புரளும் ஓசை. போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது.

"அண்ணா, அஞ்சாவது பாரா நாலு வரிதான் இருக்கு."

என் நகலை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"ரிப்பேர்னு ஒரு வார்த்தைகூட காணோம்."

டேப் ஓசை மறுபடி எழவில்லை.

பிறகு அவன்: "சரி, எந்தச் சனிக்கிழமை?"

இரண்டாவது சனி என்றேன்.